சிற்றூர் சரித்திரம் – 17: எட்டாண்டு தலைநகரம் செஞ்சி

ஆரணியை விட்டுச் சேத்துப்பட்டு வழியாகத் தெற்கே வந்தால் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகளும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. கடைத்தெருவைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனதும் சாலை கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு உள்ளே நுழையும். வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஜன்னலோரம் இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் "தேசிங்குராஜன் கோட்டை" என்று காட்டுகிறார்கள். பேருந்து நிற்பதில்லை. இறங்குகிறவர்களும் குறைவு.

தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால், 1689 முதல் 1698 வரை, இந்த மலை மராத்திய அரசின் தலைநகரமாக இருந்தது. சிவாஜியின் மகன் இங்கே அரசவை நடத்தினார். ஔரங்கசீப்பின் படை அடிவாரத்தில் ஆண்டுக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடந்தது. இந்தியாவின் போக்கையே திருப்பிய முற்றுகைகளில் இதுவும் ஒன்று. அது நடந்தது நம் விழுப்புரம் மாவட்டத்தில். அப்படியும் தமிழில் இதைப் பற்றிப் பேச்சே குறைவு. மலையில் ஏறிப் பார்க்காதவரை இந்தக் கதை புரிவதும் கடினம் என்பது என் எண்ணம். அதனால் இந்தப் பகுதியில் வரலாற்றையும் ஏற்றத்தையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மலையைப் பார்த்தாலே தெரியும். சமவெளியில் முக்கோணமாக மூன்று குன்றுகள். வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றும் மண் மூடாத பாறைக் குவியல்கள். யானை அளவிலும் வீட்டளவிலும் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு நிற்கின்றன. மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் இணைத்து, சுமார் 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வளைத்திருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே 80 அடி அகல அகழி. குன்றுகளில் உயரமானது ராஜகிரி. தரையிலிருந்து 800 அடி. பெரும்பாலான பக்கங்களில் செங்குத்துப் பாறை என்பதால் அங்கே மதிலே தேவைப்படவில்லை.

முதலில் கோட்டை கட்டியவர் ஆயர் குலத்து ஆனந்தக் கோன் என்பது வழிவழிச் செய்தி. அவர் மகன் கிருஷ்ணக் கோன் பெயரால்தான் வடக்குக் குன்று கிருஷ்ணகிரி ஆயிற்று என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' இந்தச் செய்தியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பகுதி அதற்கு வெகுகாலம் பிந்தியது. விஜயநகரத்தின் கீழ் இங்கே ஆண்ட நாயக்கர்கள்தான் செஞ்சியை நகரமாக்கினார்கள். 1597-இல் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கு வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலேயே பெரியது இதுதான் என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர எந்த ஊரும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதி வைத்தார். இன்றைய செஞ்சிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு இதை நினைத்துப் பார்ப்பது கடினம். கீழ்க்கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பாதிரியாரின் சொல் நம்பக்கூடியதாகிவிடும்.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகாலைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். சதுர முற்றத்தைச் சுற்றி அறைகள். நடுவில் ஒல்லியாக அடுக்கடுக்காக எழும் கோபுரம். உச்சியில் கூம்புக் கூரை. ஒவ்வொரு அடுக்கிலும் நாலு பக்கமும் வளைவுகள். ஏறி நின்றால் வெயில் நேரத்திலும் காற்று வரும். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாக மேல்மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றினார்கள் என்று சொல்லப்படுகிறது. அருகிலேயே குதிரை லாயங்கள் என்று காட்டப்படும் நீண்ட வரிசை அறைகள், வளைவுக் கூரை போட்ட பெரிய களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், யானைக்குளம். களஞ்சியத்தின் உள்ளே போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவரின் தடிமனைத் தொட்டுப் பாருங்கள். இங்கே எத்தனை மாதத்துக்கு நெல் அடுக்கி வைக்கலாம் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். முற்றுகைக் காலத்தில் மன்னரும் தளபதியும் போட்டது இதே கணக்குத்தான்.

1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை நாயக்கர் ஆட்சிக்கு முடிவு கட்டியது. 28 ஆண்டுகள் கழித்து, 1677-இல், சிவாஜி வந்தார். கோல்கொண்டாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு தெற்கே இறங்கியவர், செஞ்சியை நீண்ட போர் இல்லாமலே கைக்கொண்டார். கையில் வந்த கோட்டையை அப்படியே வைத்துக்கொள்ளாமல் உறுதியற்ற பகுதிகளை இடித்தார்; புது மதில்களும் அகழிகளும் காவல்மேடைகளும் எழுப்பினார். அந்த ஆண்டுகளின் ஏசுசபைக் கடிதங்கள் இந்த வேலையைப் பார்த்து வியந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில், தம் தலைநகரான ராய்கடில் இருந்த ஒரு மன்னர், வெகுதொலைவில் தமிழ் பேசும் நாட்டில் இருந்த ஒரு மலைக்கு இவ்வளவு செலவழித்தது ஏன் என்று அன்று பலர் யோசித்திருக்கலாம். வடக்கே எல்லாம் போனாலும் தெற்கே ஓர் இடம் மிஞ்ச வேண்டும் என்ற அவரது முன்யோசனை பன்னிரண்டே ஆண்டுகளில் பலித்தது.

சிவாஜி 1680-இல் இறந்தார். பட்டத்துக்கு வந்த அவர் மூத்த மகன் சம்பாஜியை 1689 தொடக்கத்தில் முகலாயர் பிடித்தனர். மார்ச் மாதம் ஔரங்கசீப்பின் ஆணைப்படி கொடுமையாகக் கொன்றனர். ராய்கடையும் முற்றுகையிட்டார்கள். சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் சிறு மகன் சாகுவும் பிடிபட்டார்கள். சம்பாஜியின் தம்பி ராஜாராம் மட்டும் முன்னதாகவே கோட்டையை விட்டு வெளியேறியிருந்தார். அப்போது அவருக்கு 19 வயது. பன்ஹாளா, விசால்கட் என்று கோட்டைக்குக் கோட்டை மாறியும் நிலைக்க முடியவில்லை. கடைசியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, லிங்காயத்து யாத்திரிகர் வேடத்தில் தெற்கே கிளம்பினார். வழியெல்லாம் முகலாய ஒற்றர்கள். கெளதி நாட்டு அரசி சென்னம்மா அடைக்கலம் கொடுத்து, தம் எல்லையைக் கடக்க உதவினார். அதற்காகப் பின்னால் முகலாயப் படையை எதிர்கொள்ளவும் நேர்ந்தது. பெங்களூர், வேலூர் என்று வந்து, 1689 நவம்பரில் ராஜாராம் செஞ்சிக் கோட்டைக்குள் நுழைந்தார்.

அந்த நாளிலிருந்து மராத்திய அரசுக்கு இரண்டு இடத்தில் உயிர் இருந்தது. மகாராஷ்டிரத்தில் ராமச்சந்திர பந்த் அமாத்யர், மன்னரின் முழு அதிகாரத்தோடு நிர்வாகத்தைத் தாங்கினார். செஞ்சியில் மன்னரும் அமைச்சரவையும். சிவாஜி வகுத்த எட்டு அமைச்சர்களுக்கும் மேலாகப் 'பிரதிநிதி' என்ற பதவி இங்கேதான் உருவாகி, பிரகலாத் நிராஜிக்குக் கிடைத்தது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு தளபதிகள் இரண்டு நாட்டுக்கும் நடுவே குதிரையில் பறந்துகொண்டிருந்தார்கள்.

குறை ஒன்றுதான்: கஜானாவில் பணம் இல்லை. அதற்காக ராஜாராம் செய்த காரியம் ஒன்று, கடலூர்க் கடற்கரையில் இன்றுவரை தடம் பதித்திருக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். சென்னையில் அப்போது கவர்னர் எலிஹூ யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுமோ அதுவரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் இருப்பதிலேயே தொலைவு பாயும் பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து எல்லாத் திசையிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது, குண்டுசாலை இருக்கிறது. அந்தக் கோட்டைதான் பின்னாளில் செயிண்ட் டேவிட் கோட்டை ஆயிற்று. சில காலம் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் இருந்தது. செஞ்சியைக் காப்பாற்றத் திரட்டிய பணம், வேறொருவருக்கு இந்தக் கரையில் கால் ஊன்ற இடம் கொடுத்துவிட்டது. இந்த வரலாற்றில் எனக்கு நெஞ்சு கனக்கும் இடம் இது.

1690 செப்டம்பரில் ஜுல்பிகர் கான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். ராய்கடை வீழ்த்திய அதே தளபதி. வந்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கோட்டையை வளைப்பது நடக்கிற காரியம் இல்லை என்று. மூன்று மலை, 13 கிலோமீட்டர் மதில், பின்பக்கம் காடும் குன்றும். ஒரு பக்கம் கூடாரம் போட்டால் மறுபக்கம் வாசல் திறந்து நெல்வண்டி உள்ளே போகும். கையிருப்பு வெடிமருந்து போதவில்லை. சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அடைமழை. வடக்கிலிருந்து வந்த படைக்கு வடகிழக்குப் பருவமழை புது எதிரி. 1691 கடைசியில் ஜுல்பிகரின் தந்தையும் முதலமைச்சருமான ஆசாத் கானும், ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம்பக்‌ஷும் கூடுதல் படையோடு வந்தார்கள். ஆள் பெருகியது, கூடவே பசியும் பெருகியது.

1692 டிசம்பரில் சந்தாஜியும் தனாஜியும் பெரும் குதிரைப் படையோடு மகாராஷ்டிரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரம் பக்கத்தை ஆண்ட முகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சந்தாஜி சிறைபிடித்தார். செஞ்சியின் மேற்குப் பக்கத்தில் இருந்த இஸ்மாயில் கானைத் தனாஜி பிடித்தார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் ஆனார்கள். வெளியிலிருந்து தானியம் வரவில்லை, தபாலும் வரவில்லை. பாதுஷா ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. காம்பக்‌ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேச்சு நடத்துவது தெரியவந்ததும், ஆசாத் கானும் ஜுல்பிகரும் இளவரசரையே காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில், பெரிய பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டு, படை முழுதும் வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதிய ஒருவர் இருந்தார். பெயர் பீம்சேன். முகலாயப் படையில் இருந்த புந்தேல ராஜபுத்திரத் தலைவர் தல்பத் ராவிடம் வேலை பார்த்தவர். அவர் பாரசீகத்தில் எழுதிய 'நுஸ்கா-இ-தில்குஷா' என்ற நினைவுநூல், அரசவை வரலாறுகள் சொல்லாததைச் சொல்கிறது. ஜுல்பிகர் கான் நினைத்திருந்தால் வந்த நாளிலேயே செஞ்சியைப் பிடித்திருக்கலாம், ஆனால் போரை இழுத்தடிப்பதில்தான் தளபதிகளுக்கு ஆதாயம் என்பது பீம்சேனின் குற்றச்சாட்டு. வந்த நாளிலேயே என்பது மிகை. மலையில் ஏறியவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஜுல்பிகருக்கும் ராஜாராமுக்கும் உள்ளூர ஓர் இணக்கம் இருந்தது என்ற சந்தேகம் அன்றே பரவலாக இருந்தது. ஔரங்கசீப்புக்கு அப்போது எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. அவர் மறைந்த பிறகு என்ன நடக்கும் என்று ஒவ்வொரு தளபதியும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம். 1694-இல் ஜுல்பிகர் செஞ்சியை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் மீது படையெடுத்து, ராஜாராமுக்கு உதவிய மராத்திய மன்னர் சாஹஜியிடம் திறை வாங்கினார். முற்றுகை நின்று நின்றுதான் நடந்தது. அந்த இடைவெளிகளில் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் பட்ட பாட்டை எழுதி வைக்க ஒரு பீம்சேன் கிடைக்கவில்லை. இரண்டு படைக்கும் தீனி போட்டது அவர்கள் வயல்தான்.

1697 கடைசியில் பாதுஷாவிடமிருந்து கண்டிப்பான ஆணை வந்தது. இம்முறை ஜுல்பிகர் முனைந்து இறங்கினார். முகலாயத் தளபதி தாவூத் கான் பன்னி சந்திரகிரிப் பக்கம் ஏறினார். தல்பத் ராவின் புந்தேலர்கள் கிருஷ்ணகிரி மதிலில் ஏறினார்கள். கடைசியாக ராஜகிரி. 1698-இன் தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது. குடும்பத்தார் சிலர் பிடிபட்டார்கள். ராஜாராம் அங்கே இல்லை. முன்பே வேலூர் வழியாகத் தப்பி, விசால்கட் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை வெளியே எடுக்க முகலாயர் பக்கம் இருந்த சிர்க்கே குடும்பத்தின் உதவி தேவைப்பட்டதாம். அதற்கு விலையாகக் கண்டோ பல்லாள் என்ற அரசவை எழுத்தர் தம் பரம்பரை உரிமை நிலத்தையே எழுதிக் கொடுத்தார் என்பது மராத்தி மரபுச் செய்தி.

கோட்டை கிடைத்தது, மன்னர் கிடைக்கவில்லை. எட்டாண்டு செலவு, சேனை, வெடிமருந்து எல்லாம் ஒரு வெறும் மலைக்காகப் போயிற்று. அந்த எட்டாண்டில் மகாராஷ்டிரத்தில் மராத்தியர்கள் இழந்த கோட்டைகளை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருந்தார்கள். ஔரங்கசீப் கடைசிவரை டெல்லி திரும்பவில்லை; 1707-இல் அகமதுநகரில் இறந்தார். செஞ்சி தாக்குப்பிடிக்காமல் 1690-லேயே விழுந்திருந்தால் மராத்திய முதலமைச்சர்களான பேஷ்வாக்களின் கதையே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி ராஜகிரிக்கு ஏறலாம்.

கல்யாண மகாலைக் கடந்து தெற்கே போனால் படிகள் தொடங்கும். முதலில் பரந்த, தேய்ந்த கருங்கல் படிகள். இரண்டு பக்கமும் சதுரக்கள்ளி, முள், ஆங்காங்கே நிழல். அடுத்தடுத்து வாசல்கள் வரும். எந்த வாசலும் நேராக அமையவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசலைத் தாண்டியதும் பாதை உடனே மடங்கும். மடங்கிய இடத்தில் மேலே ஒரு மதில், அதில் துப்பாக்கித் துளைகள். ஏறுகிறவனின் பக்கவாட்டும் முதுகும் காவலனுக்குத் தெரியும். காவலன் ஏறுகிறவனுக்குத் தெரியமாட்டான். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். கோட்டைக்கு எத்தனை கொடி மாறினாலும் சித்திரை விழா எடுத்துப் பொங்கல் வைத்த ஊர்க்காரர்களின் தெய்வம். இன்றும் விழா நடக்கிறது.

பாதிக்கு மேல் படிகள் ஒடுங்கும், செங்குத்து கூடும். மூச்சு வாங்கும்போது நின்றால் கிழக்கே ஊரும் ஏரியும் சந்திரகிரியும் தெரியும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாதை சட்டென்று நின்றுவிடும். எதிரே உச்சிப் பாறை தனியாகப் பிரிந்து நிற்கிறது. நடுவே 24 அடி அகலம், 60 அடி ஆழத்துக்குப் பிளவு. இப்போது அதன் மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் கடக்கலாம். அன்று எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். பாலத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மலையின் தலைப்பகுதி தீவு மாதிரி ஆகிவிடும். கடந்ததும் குறுகலான வாசல். ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். இருபுறமும் வழவழப்பான பாறை. பிடிமானத்துக்கு ஒரு வெடிப்புகூட இல்லை. பீம்சேன் சொன்ன "நினைத்திருந்தால் பிடித்திருக்கலாம்" என்ற பேச்சு அந்த இடத்தில் நின்றால் எடுபடாது.

உச்சியில் ரங்கநாதர் கோயில், ஒரு களஞ்சியம், மணிக்கூண்டு போன்ற மண்டபம், ஒரு பழைய பீரங்கி. சுனைகளும் மழைநீர்த் தொட்டிகளும் கோட்டைக்குள் உண்டு. தாகத்தால் பணிய வைக்க முடியாத மலை இது. மேற்கே வானம் தெளிவாக இருந்தால் அண்ணாமலை தெரியும். வடகிழக்கே வந்தவாசித் திசை. அடுத்த படை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நாள் முன்னதாகவே இங்கிருந்து தூசியைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது தேசிங்கு. செஞ்சியைப் பிடித்துக் கொடுத்த புந்தேலர்களில் சொரூப் சிங் என்பவரிடம் கோட்டையை ஔரங்கசீப் ஒப்படைத்தார். அவர் மகன் தேஜ் சிங். நம் மக்கள் வாயில் தேசிங்கு. 1714-இல் தந்தை இறந்ததும் பட்டம் ஏற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அந்த உரிமையை ஏற்கவில்லை. நிலுவைத் திறையைக் கேட்டுப் படையோடு வந்தார். அக்டோபரில் தேவனூர்ப் பக்கத்துச் சமவெளியில் சண்டை. இருபது வயதைக் கொஞ்சம் கடந்திருந்த தேசிங்கு, கோட்டைக்குள் ஒடுங்கியிருக்க மறுத்து, சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே போய் மடிந்தார். அவரோடு மடிந்த நண்பர் மகபத் கான் ஒரு முஸ்லிம். கலியாணக் கோலத்தில் இருந்தவர் செய்தி கேட்டு எழுந்து ஓடி வந்ததாகக் கதைப்பாட்டு சொல்லும். நீலாம்பூண்டியில் அவர் சமாதியையும், தேசிங்கின் குதிரை சமாதியையும் ஊரார் காட்டுகிறார்கள். தேசிங்கை எரியூட்டியதும் அவர் மனைவி உடன்கட்டை ஏறியதும் கோட்டைக்குள் செட்டிகுளக் கரையில் என்பது வழக்கு. எட்டாண்டு தாக்குப்பிடித்த ராஜாராமை மறந்த மக்கள், பத்து மாத தேசிங்கைப் பாட்டாகப் பாடி முன்னூறு ஆண்டு காப்பாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. ராஜாராம் தப்பிப் போனார். தேசிங்கு இந்த மண்ணிலேயே விழுந்தார். எம்.ஜி.ஆர். நடித்து 1960-இல் படமும் வந்துவிட்டது. என் விருப்பமெல்லாம், இரண்டு கதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். 1761-இல் புதுச்சேரி விழுந்த பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இடையில் பிரெஞ்சுக்காரர்கள் வேங்கடரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதாம். வேங்கடரமணர் கோயில் கீழ்க்கோட்டையின் கிழக்குப் பகுதியில், பாண்டிச்சேரி வாசலுக்கு அருகே இருக்கிறது. கோபுர வாசலின் உட்சுவரில் ராமாயண, பாற்கடல் கடைந்த காட்சிகள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ராஜகிரிக்குப் போகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். அதேபோலத்தான் கிருஷ்ணகிரியும். ராணிக்கோட்டை என்று ஊரார் சொல்லும் இந்தக் குன்று ராஜகிரியைவிடத் தாழ்ந்தது, ஏற்றமும் எளிது. உச்சியில் குவிமாடத்தோடு ஒரு சபா மண்டபம் உண்டு; அதன் வளைவுச் சன்னல் ஒன்றில் உட்கார்ந்தால் ராஜகிரி முழுவதும் எதிரே நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

கோட்டையோடு திரும்பிவிடக் கூடாது. வடக்கே சில கிலோமீட்டரில் சிங்கவரம். குன்றைக் குடைந்த பல்லவர் காலக் குகையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தாய்ப்பாறையிலேயே செதுக்கிய பெரிய திருமேனி. போருக்கு விடைகேட்க வந்த தேசிங்கைப் போகாதே என்று தடுக்க, பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை.

அருகிலேயே திருநாதர்குன்று. இங்கே கூட்டம் கிடையாது. சிறிய பாறைக்குன்று, கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். மேலே ஒரு பெரும் பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக அமர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அளவு, ஒரே அமைதி. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு முகமும் தனித்துத் தெரியும். பக்கத்துப் பாறையில் ஒரு சிறு கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவிடம் இது என்று அது சொல்கிறது. எழுத்தமைதியை வைத்து ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டு என்பார்கள் அறிஞர்கள். அதற்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின்னர் 30 நாள் நோன்பிருந்த இன்னொரு துறவியின் கல்வெட்டும் அங்கே உண்டு. கோட்டை எழுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால், ஒருவர் இந்தக் குன்றில் உணவை மறுத்துப் படுத்திருந்தார். ராஜகிரியில் கண்ட களஞ்சியங்களை நினைத்துக்கொண்டு இந்தக் கல்வெட்டின் முன் நிற்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. தமிழ்ச் சமணர்கள் இந்தப் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள்; அவர்களது மடம் கிழக்கே மேல்சித்தாமூரில், பெரிய பார்சுவநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

விழுப்புரம் பக்கம் போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்று பல்லவ மன்னர் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்ட குகை. அவர் குடைந்த இன்னொரு குகை தளவானூரில். பனமலையில் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே சுவரில் மிஞ்சியிருக்கும் உமையின் ஓவியத்துக்காக மட்டுமே ஒரு தனிப் பயணம் போகலாம்.

மலையேறப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை, மாசி மாதங்கள் நல்லவை. பங்குனிக்கு மேல் பாறை கொதிக்கும். தொல்லியல் துறையினர் நுழைவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பிற்பகல் சாய்ந்த பிறகு ராஜகிரியில் ஏற விடமாட்டார்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். தின்பண்டப் பையை வெளியில் காட்டினால் குரங்கு பறித்துவிடும். வழுக்காத செருப்பு அவசியம். கீழ்க்கோட்டை, ராஜகிரி, கிருஷ்ணகிரி மூன்றையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாதீர்கள். ஊரில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் திருநாதர்குன்று, சிங்கவரம் போய்வரலாம். பருவத்தில் சாலையோரம் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) கிடைக்கும். இறங்கி வந்த பசிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. தென்மேற்கே பாக்கம்மலைக் காட்டுக்குள் நடக்க விரும்புகிறவர்கள் வனத்துறையின் அனுமதியோடு போக வேண்டும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. இனி வடக்கிலிருந்து ஆட்கள் வருவார்கள், ராஜாராம் இருந்த இடம் எது என்று கேட்பார்கள். அவர்களுக்கு வழி சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செஞ்சியைச் சுற்றியுள்ள பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலம் வரைக்கும் ஏறிப் போய்வந்தால், இந்த எட்டாண்டு அவர்கள் கணக்கில் சேரும்.

அடுத்த பகுதியில், ஜுல்பிகர் கானின் படை பின்வாங்கிப் போன அதே வழியில் வடகிழக்கே நடந்து, வந்தவாசிக்குப் போகிறோம். 1760 ஜனவரி 22 அன்று அந்தச் சிற்றூர் மைதானத்தில் ஆங்கிலத் தளபதி கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியபோது, தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு எப்படி உடைந்தது என்று பார்ப்போம்.